மகளிர் காவல் நிலையம் வந்த கதை

புருஷன் அடிக்கிறான் என்று போலீசுக்குப் போனால், "குடும்ப விஷயம், அனுசரித்துப் போம்மா" என்று திருப்பி அனுப்பிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆண் போலீசாரிடம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

1973-ல் இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் வந்தது. அப்போது ஜெயலலிதா முதல்வர். பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க ஐ.நா. பொதுச்சபை பிரகடனம் வெளியிட்டது அதற்கும் மறு வருடம், 1993 டிசம்பரில்தான்! பிறகு நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலும் மகளிர் நிலையங்கள் வந்தன.

2005-ன் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வசை பாடுவதும் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும்கூட வன்முறைதான்.

இன்றும் "அனுசரித்துப் போ" என்று சொல்வது பல வீடுகளில் பெரியவர்களான நாம்தான். பெண் அழுதுகொண்டு வந்தால், முதலில் அவள் சொல்வதைக் கேட்போம். 181 என்ற உதவி எண்ணையும் சொல்லி வைப்போம்.