டனூப் ஆற்றைக் கடந்த கோத்தியர்: ரோம எல்லைக்குள் ஒரு குடியேற்றம்

கி.பி. 376இல் டனூப் ஆற்றின் வடகரையில் பெருந்தொகையான கோத்தியர் வந்து குவிந்தனர். கிழக்கிலிருந்து முன்னேறிய ஹூணர்களிடம் நிலத்தை இழந்தவர்கள் அவர்கள். தென்கரையில் ரோமப் பேரரசு. உள்ளே வாழ அனுமதி கேட்டு, அந்தியோக்கியாவில் தங்கியிருந்த பேரரசர் வாலன்ஸிடம் தூதர்களை அனுப்பினர்.

இத்தகைய குடியேற்றம் ரோமுக்குப் புதிதல்ல. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஆயர் வுல்பிலாவுடன் வந்த கிறிஸ்தவக் கோத்தியர், இன்றைய வட பல்கேரியாவில் நிக்கோபோலிஸ் நகரை அண்டிக் குடியமர்த்தப்பட்டிருந்தனர். பைபிளைக் கோத்திய மொழியில் பெயர்த்தவர் இந்த வுல்பிலாதான். வந்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து நிலம் கொடுப்பதும் இளைஞர்களைப் படையில் சேர்ப்பதும் ரோமின் வழமை. படைக்கு ஆள் கிடைக்கும் என்ற கணக்கில் வாலன்ஸும் இணங்கினார்.

அனுமதி கிடைத்தது, உணவு கிடைக்கவில்லை. பொறுப்பாக இருந்த லூபிசினஸ், மாக்சிமஸ் ஆகிய அதிகாரிகள் பசியை வியாபாரமாக்கினர். ஒரு நாய்க்கு ஓர் அடிமை என்ற கணக்கில் நாயிறைச்சி கொடுக்கப்பட்டதாகவும், தலைவர்களின் பிள்ளைகளும் அவ்வாறு அடிமைகளானதாகவும் அக்காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் எழுதியுள்ளார்.

பின்னர் அவர்கள் மார்சியானோபிள் நகருக்கு நகர்த்தப்பட்டனர். அது இன்றைய பல்கேரியாவின் தெவ்னியா. அங்கு கோத்தியத் தலைவர்களை லூபிசினஸ் விருந்துக்கு அழைத்தார். உணவு வாங்க நகருக்குள் வர முயன்ற மக்களோ தடுக்கப்பட்டனர். வெளியே மோதல் வெடிக்க, உள்ளே தலைவர்களின் மெய்க்காவலர்கள் கொல்லப்பட்டனர். தப்பி வந்த பிரிட்டிகேர்ன் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 378 ஓகஸ்ட் 9ஆம் திகதி அட்ரியானோபிளில், அதாவது இன்றைய துருக்கியின் எடிர்னே நகருக்கு அருகே, ரோமப் படையின் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. வாலன்ஸும் கொல்லப்பட்டார்.

382இல் பேரரசர் தியோடோசியஸின் ஆட்சி கோத்தியருடன் உடன்பாடு செய்தது. போரில் துணைநிற்பதற்கு ஈடாக டனூப்பின் தெற்கே நிலம் வழங்கப்பட்டது. இம்முறை அவர்கள் சிதறடிக்கப்படவில்லை. 394இல் பிரிகிடஸ் போரில் தியோடோசியஸுக்காக முன்னணியில் நின்ற கோத்தியர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அடுத்த ஆண்டே அலாரிக் தலைமையில் மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. 410இல் அவரது படை ரோம் நகரைச் சூறையாடியது. 418இல் தென்மேற்குப் பிரான்சின் அக்கித்தேனில் கோத்தியருக்கு மறுபடி நிலம் கிடைத்தது. துலூஸை மையமாகக் கொண்டு அது பின்னர் தனி அரசாக வளர்ந்தது.

ரோமின் வீழ்ச்சிக்குக் கோத்தியரின் வருகையே காரணம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் கிளர்ச்சி அவர்கள் ஆற்றைக் கடந்தபோது வெடிக்கவில்லை. கரையில் பட்டினி கிடந்து, பிள்ளைகளை விற்ற பிறகே வெடித்தது.