குதிரை யாருக்குச் சொந்தம்?

சென்ற ஆண்டின் மாரிகாலத்து மாலையொன்றில் என் பழைய மாணவன் ஒருவன் தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவன் கையிலே ஒரு கடிதவுறை. அதனுள்ளே, யாழ்ப்பாண நகரத்து நிதி நிறுவனமொன்று எழுதிக்கொடுத்த தவணைக் கணக்கு இருந்தது.

"சேர், புது ஓட்டோ ஒண்டு லீசிங்கிலை எடுக்கலாமெண்டு நினைக்கிறன். முதல் கொஞ்சம் கட்டினால் காணுமாம்" என்றான்.

தாயார் இடைமறித்தார். "மாஸ்ரர், புங்குடுதீவிலை ஒரு பழைய லான்ட்மாஸ்டர் விலைக்கு நிக்குது. சீட்டுக்காசோடை என்ரை காப்பையும் வித்தால் வாங்கிப்போடலாம். இவன் கேக்கிறானில்லை. நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

தமிழாசிரியனிடம் வந்து கணக்குக் கேட்கிறார்களே என்று முதலில் தயங்கினேன். ஆயினும், அந்தக் கடதாசியைப் படித்து முடித்தபோது, இது வெறுங் கணக்கன்று, எங்கள் தீவின் வரலாறு என்பது புலப்பட்டது. நெடுந்தீவு மண்ணிலே ஓடுகின்ற ஒன்று, ஓட்டுகின்றவனுக்குச் சொந்தமில்லாதிருப்பது இன்று தோன்றிய புதுமையன்று.

எங்கள் தீவுக்கு வருகின்ற வெளியூரார் முதலிற் கேட்பது குதிரைகளைத்தான். வெளியான புல்வெளியிலே கூட்டங் கூட்டமாக அவை மேய்வதைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அவை எப்படி வந்தன என்று கேட்பவர் சிலரே. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே குதிரைகள் கொண்டுவரப்பட்டன. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வளர்ப்பைத் தொடர்ந்தனர். பின்னர் வந்த ஆங்கிலேயர் காலத்திலும் நோலன் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் அது நடைபெற்றது. முருகைக்கல்லாற் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன.

அக்குதிரைகள் தின்றது தீவின் புல். குடித்தது, மனிதருக்கே போதாத தீவின் நன்னீர். ஒல்லாந்தர் ஆண்ட யாழ்ப்பாணத்திலே 'ஊழியம்' என்ற பெயரில் கட்டாய வேலைமுறையும் நிலவியது. புல்லும் நீரும் இம்மண்ணினுடையவை, குதிரையோ கம்பனியுடையது.

அந்தக் கம்பனி யார்? 1602ஆம் ஆண்டில், பங்குதாரரிடம் முதல் திரட்டி ஒல்லாந்திலே தோற்றுவிக்கப்பட்ட கிழக்கிந்திய வர்த்தகக் கம்பனி அது. அதன் ஆறு சபைகள் ஆறு நகரங்களில் அமைந்திருந்தன. டெல்வ்ற் அவற்றுள் ஒன்று. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு அந்த நகரத்தின் பெயரையே சூட்டினர். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. இவை யாவும் கம்பனியின் சபைகள் இருந்த நகரங்களே. முதல் போட்டவனின் ஊர்ப்பெயர் எங்கள் தீவுகளின் நெற்றியில் எழுதப்பட்டது! இன்று ஓட்டோக்களின் பின்கண்ணாடியிலே நிதி நிறுவனங்களின் பெயர் ஒட்டப்பட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவே வருகின்றது.

இனி, எங்கள் முன்னோர் கடன் என்பதை எவ்வாறு விளங்கியிருந்தனர் என்று பார்ப்போம். 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். அதுவே தேசவழமை. அதிலே ஒற்றி பற்றிய விதிகள் இடம்பெறுகின்றன. காணிக்காரன் காசு வாங்குகிறான். காசு கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிக்கிறான். காசைத் திருப்பிக் கொடுத்ததும் காணி மீள்கிறது. ஒற்றியிலும் ஏழையின் கண்ணீர் உண்டு. தலைமுறை தலைமுறையாக மீளாத காணிகளும் உண்டு. ஆனால் ஒன்று: ஒற்றியிலே அனுபவம் கடன் கொடுத்தவனுடையது, உரிமை நம்முடையது. லீசிங்கிலோ இது தலைகீழாகிறது. அனுபவம் நம்முடையது, உரிமை கடன் கொடுத்தவனுடையது.

இது என் கற்பனையன்று, சட்டத்தின் நிலைப்பாடு. தவணை முறையில் பொருள் வாங்குவோருக்கெனச் சில பாதுகாப்புக்களை வகுத்தது 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம். லீசிங் என்னும் நிதிக் குத்தகையை ஒழுங்குபடுத்துவது 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குத்தகைக் காலம் முடியும்வரை வாகனத்தின் சொந்தக்காரர் நிறுவனமே. பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு பெயர்கள் இருக்கும். பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டுகின்றவர். முழு உரிமையாளர் நிறுவனம். எண்ணெய் அடிப்பவர், ரயர் மாற்றுபவர், காப்புறுதி கட்டுபவர், விபத்துக்குப் பொலிஸ் நிலையம் செல்பவர் முதலாமவர். தவணை தவறினால் வண்டியை எடுத்துச் செல்பவர் இரண்டாமவர்.

இதற்கு முன்னிருந்த காலம் பொற்காலமா? இல்லை. தாம்போதிகள் வழியாக வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் மோட்டார் வண்டி வந்த காலத்திலும், கடலே வீதியாகவுள்ள நெடுந்தீவிலே மாட்டுவண்டியும் கால்நடையுமே கதி. யாழ்ப்பாணத்திலே கார் வைத்திருந்தவர் தென்னிலங்கையிற் கடை நடத்தியோரும் உத்தியோகத்தருமே. வங்கி கடன் கொடுப்பதற்குக் காணி உறுதி கேட்டது. காணியில்லாதவன் வாடகைக் காருக்குச் சாரதியாகலாம், சொந்தக்காரனாக முடியாது. லீசிங் முறை வாகனத்தையே பிணையாக ஏற்றமையால், உறுதியில்லாதவனின் கையிலும் சாவி விழுந்தது. இதனை மறைப்பது நேர்மையன்று.

அதே வேளையில், பழைய வாகனத்தின் பெருமையை எங்கள் மக்கள் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறிந்திரார். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய ஆங்கிலேயக் கார்களை யாழ்ப்பாணத்துத் தொழிலாளர் திருத்தித் திருத்தி ஓடவைத்தனர். 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது அந்தக் கிழட்டுக் கார்களே மக்களைச் சுமந்தன. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இயந்திரத்தின் அழுத்தம் குறைவாக இருந்தமையால் பழைய கார் அதனைத் தாங்கியது. புதிய காரோ அந்தக் கரடுமுரடான உணவை ஏற்கவில்லை. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்ற அவ்வண்டிகளுக்குத் தவணை எதுவும் இருக்கவில்லை. அவை முழுமையாக ஒருவருக்குச் சொந்தமாயிருந்தன. அதனாலேயே அவற்றைத் திருத்தவும் மாற்றவும் துணிவு பிறந்தது.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தது. ஏ-9 வீதி திறந்தது. அவ்வீதி வழியே முதலில் வந்தோருள் நிதி நிறுவனங்களும் இருந்தன. இருபது ஆண்டுகளாக எதையும் வாங்கமுடியாதிருந்த மக்கள். கையிலே தொழிலில்லாத இளைஞர். 'முற்பணம் சிறிது, மீதி தவணை' என்ற அழைப்பு அவர்களுக்கு விடுதலை போலவே ஒலித்தது. நாடு முழுவதிலும் முச்சக்கரவண்டிக் கடன் பெருகிய வேகத்தைக் கண்ட மத்திய வங்கியே, 2017ஆம் ஆண்டிலே, முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் கடன் அதன் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேற்படக்கூடாதென வரம்பு விதித்தது என்றால், நிலைமையை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மாணவனின் கடிதவுறைக்குத் திரும்புவோம். உருவம் எளிதில் விளங்கும் பொருட்டு வட்டமான தொகையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 இலட்சம் ரூபா கடன், நான்கு ஆண்டுகள், வட்டி 10 வீதம். ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்கு இலட்சம் வட்டி. மொத்தம் 14 இலட்சம். 48 மாதங்களால் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 29,167 ரூபா. '10 வீதம்தானே' என்று மனம் ஆறுதலடைகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதலில் ஒரு பகுதி திரும்பிச் சென்றுகொண்டிருக்கிறது. கடைசி ஆண்டிலே கையில் எஞ்சியிருக்கும் கடன் சொற்பம். வட்டியோ முழு 10 இலட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியின்மேற் கணித்தால் உண்மையான வட்டி ஏறத்தாழ பதினேழரை வீதம். கடதாசியிலே பொய் எழுதப்படவில்லை. உண்மை எழுதப்படாமல் விடப்பட்டது.

இதைவிடக் கொடிய பாடத்தை அண்மைய ஆண்டுகள் கற்பித்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறியது. சொந்தமாக வைத்திருந்தவன் செல்வந்தனானான். புதிதாகத் தேடியவன் ஏறிய விலைக்கே கடன்பட்டான். 2022 ஏப்ரிலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதே மாதத்தில் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அறிவித்தது. எரிபொருள் வரிசையிலே நாட்கணக்கில் வண்டிகள் நின்றன. நின்ற நாளுக்கும் தவணை உண்டு. நாடு தன் தவணையை நிறுத்திவைக்கலாம். ஓட்டோக்காரனுக்கு அந்தச் சலுகை எளிதிற் கிட்டாது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது; கூடவே, புதிய வண்டி, புதிய தவணை என்ற அழைப்பும் மீண்டும் கேட்கத் தொடங்கியது.

தீவில் வாழ்வோனுக்கு இக்கணக்கிலே இன்னொரு வரியும் உண்டு. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலைக் கடந்தே வண்டியும் வரவேண்டும், எண்ணெயும் வரவேண்டும், உதிரிப்பாகமும் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகில்லை, படகில்லாவிடில் பயணியுமில்லை. உவர்க்காற்று புதிய தகட்டையும் பழைய தகட்டையும் வேறுபாடின்றி அரிக்கிறது. வண்டி ஓடும் நாட்களைக் கடலும் காற்றும் தீர்மானிக்கின்றன. தவணை நாளையோ யாழ்ப்பாணத்து நாட்காட்டி தீர்மானிக்கிறது.

ஆகவே மாணவனிடம் நான் மூன்று கேள்விகளே கேட்டேன். வண்டி ஓடாத மாதத்தில் தவணையை எதிலிருந்து கட்டுவாய்? பழுதுபட்டால் தீவிலுள்ள எவரேனும் அதனைத் திருத்துவாரா? நான்கு ஆண்டின் முடிவில் அந்த வண்டிக்கு என்ன விலை கிடைக்கும்? முதற் கேள்விக்கே அவன் மௌனமானான். தாயார் மட்டும், "காப்பு என்ரை, மாஸ்ரர். அதை ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம்" என்றார்.

அவர்கள் லான்ட்மாஸ்டரையே வாங்கினர். காப்பு முழுவதும் விற்கப்படவில்லை. குறைந்த தொகையைச் சிக்கனக் கடனுதவுச் சங்கத்திற் பெற்றனர். வட்டிவீதம் ஊரறிந்தது, கணக்குப் புத்தகம் தமிழில் எழுதப்பட்டது, தாமதமானால் காரணத்தை நேரிற் சொல்லிப் பேசக்கூடிய மனிதர் அங்கிருந்தனர். வாங்கிய மூன்றாம் மாதம் வண்டி பழுதுபட்டது. உதிரிப்பாகம் கடல் கடந்து வரும்வரை பத்து நாள் வேலியோரம் நின்றது. அவன் முகம் வாடித்தான் இருந்தது. எனினும் அந்தப் பத்து நாளும் எவரும் அவனுடைய வாசலுக்கு வரவில்லை.

ஓரிருவரின் சிக்கனத்தால் இப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விற்பதற்குக் காப்பில்லாத தாய்மார் இத்தீவிலே பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நேர்மையான வட்டியிற் கடன் கொடுக்கும் கூட்டுறவுகள் பலம்பெறவேண்டும்; உண்மையான வட்டிவீதம் தமிழில், தெளிவாக, கையெழுத்திடுமுன் சொல்லப்படவேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

கம்பனியும் போயிற்று, அதன்பின் வந்த அரசும் போயிற்று. குதிரைகள் மட்டும் எசமானரின்றி இன்றும் மேய்கின்றன. அவற்றுக்கு இப்போது உரிமையாளர் இல்லை. எங்கள் பிள்ளைகளின் உழைப்புக்கு மட்டும் ஏன் இன்னும் கடலுக்கப்பால் ஒரு முழு உரிமையாளர் இருக்கவேண்டும்?