பெயர் மாறிய கப்பலும் கைமாறிய கைதிகளும்

ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் உத்திரமேரூர் மக்களாகிய நமக்குக் கடல் தொலைவான பொருளே. ஆயினும் சதுரங்கப்பட்டினக் கடற்கரை நம் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். 1782 பிப்ரவரி 17 அன்று அக்கடலில் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் மோதின. பிரெஞ்சு அணியில் நின்ற 'பெத்தி அன்னிபால்' என்னும் கப்பல், நான்கு வாரங்களுக்கு முன்புவரை ஆங்கிலேயருக்கே உரியதாயிருந்தது!

'ஹானிபல்' என்பது அதன் பழைய பெயர். ஐம்பது பீரங்கிகள் கொண்ட அக்கப்பல் 1779-இல் நீரில் இறக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் தனித்து வந்தபோது, 1782 சனவரி 21 அன்று பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். அவர்களிடம் ஏற்கெனவே 'அன்னிபால்' என்ற பெரிய கப்பல் இருந்தமையால், இதற்குச் 'சிறிய அன்னிபால்' என்று பெயரிட்டனர். பழுதுபார்க்கத் தக்க துறைமுகம் இக்கரையில் இல்லாத அவர்களுக்கு, பாய்மரமும் கயிறும் பீரங்கியும் குறையாத ஒரு கப்பல் கிடைத்தது பெரும்பேறு. 1783 சூனில் கடலூருக்கு அப்பால் நடந்த இறுதிப் போர்வரை அது அவர்கள் அணியில் நின்றது.

கப்பலில் இருந்த மனிதர்கள் என்ன ஆயினர்? பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் கைதிகளுக்குக் கொடுக்க உணவில்லை. கைதிகளை மாற்றிக்கொள்ள அவர் ஆங்கிலேயரிடம் முயன்றார், அது கைகூடவில்லை. எனவே கடலூரில் அவர்களைக் கரையிறக்கி, தம் நட்பாளரான ஹைதர் அலியிடம் ஒப்படைத்தார். 1780 முதல் ஹைதருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில் நம் வட்டாரமே அழிந்து கிடந்த காலம் அது. அக்கைதிகளின் கதி என்னவாகும் என்பதைச் சுஃப்ரேன் அறியாதிருந்திருக்க முடியாது.

இச்செயல் நம் உள்ளத்தை உறுத்துவதற்குத் தனிக்காரணம் உண்டு. சுஃப்ரேன், நம் திருச்சபையின் பழம்பெரும் துறவற வீரர் சபையாகிய மால்டா சபையின் உறுப்பினர். சிறைப்பட்டோரை மீட்பதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை கற்பித்து வந்துள்ளது. பசித்த கைதிகளைக் கப்பலிலேயே சாகவிடுவது இதனினும் கொடிதன்றோ என்று அவர் சார்பில் கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. எனினும் மாற்றத்துக்கு இணங்காத சென்னை ஆட்சியாளரையும், காத்திருக்க மறுத்த சுஃப்ரேனையும் நம்மால் ஒருசேர விடுவிக்க இயலவில்லை.

அக்கைதிகளுள் ஜேம்ஸ் ஸ்கரி என்ற இங்கிலாந்துச் சிறுவனும் ஒருவன். வயது ஏறத்தாழ பதினைந்து. சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, கட்டாயமாக மதம் மாற்றப்பட்டதாகப் பின்னாளில் எழுதினான். 1784-இன் மங்களூர் உடன்படிக்கை கைதிகளை விடுவிக்கச் சொன்னது. ஆயினும் இத்தகைய சிறுவர் பலர் விடுவிக்கப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவன் தப்பினான். அவனுடைய நினைவுகள் 1824-இல், அவன் இறந்த பின், நூலாக வெளிவந்தன. தன்னவரிடம் திரும்பியபோது நாற்காலியில் அமரவும், கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணவும் அவனுக்கு மறந்து போயிருந்தது, தாய்மொழியும் தடுமாறியது.