பினாங்கிலிருந்து சென்றவரும் வந்து சேராத விமானமும்

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் ஜெர்மனி தன் புதிய போர் விமானங்களை ஜப்பானுக்குக் கொடுத்துதவியது என்று பொதுவாகச் சொல்வர். கொடுக்க முன்வந்தது மெய்யே. போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பதே ஆராயத்தக்கது. சரக்குப் பட்டியல் கப்பலில் ஏற்றியதைச் சொல்லும். கரையில் இறக்கியதைச் சொல்லாது. ஆதலின், அவ்விமானங்களோடு தொடர்புடைய மனிதர் எங்கே புறப்பட்டார், எங்கே முடிந்தார் என்று பின்தொடர்வதே நம்பத்தக்க வழி. அவ்வழிகளுள் ஒன்று பினாங்குத் துறைமுகத்தில் தொடங்குகிறது.

ஜப்பானியர் ஆட்சியில் பினாங்கு நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாயிருந்தது. 1943 ஏப்ரலில் ஐ-29 என்னும் கப்பல் இங்கிருந்து புறப்பட்டது. அதில் எமி, தொமொனாகா என்னும் இரு கடற்படை அதிகாரிகள் இருந்தனர். பின்னவர் நீர்மூழ்கிக் கப்பல் அமைப்பில் வல்லுநர். அம்மாத இறுதியில் மடகாஸ்கர் தீவுக்கு அப்பால் ஜெர்மானிய யு-180 கப்பலை ஐ-29 சந்தித்தது. அங்கேதான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸும் ஆபித் ஹசனும் ரப்பர்ப் படகில் ஐ-29க்கு மாறினர். இதை அறியாத தமிழர் இரார். ஆனால், அவர்களுக்கு ஈடாக எதிர்த் திசையில் சென்றவர் யார் என்று கேட்பவர் சிலரே. சென்றவர்கள் எமியும் தொமொனாகாவும்.

நேதாஜியைக் கொணர்ந்த அதே ஐ-29தான் மறு ஆண்டு விமான இரகசியங்களையும் சுமந்தது. 1944 ஏப்ரல் 16இல் பிரான்சின் லோரியான் துறையை விட்டது. ஜூலை 14இல் சிங்கப்பூரை அடைந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 163 என்னும் ராக்கெட் விமானம், 262 என்னும் ஜெட் விமானம் ஆகியவற்றின் ஆவணங்கள் அதில் இருந்தன. அவற்றோடு வந்த இவாயா என்னும் அதிகாரி, கைக்கு அடங்கிய சில தாள்களோடு சிங்கப்பூரில் இறங்கி, விமானமேறி ஜப்பான் சென்றார். அவசரமே உதவிற்று. ஜூலை 26இல், லூசோனுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான சாஃபிஷ் எறிந்த டார்ப்பிடோவால் ஐ-29 எஞ்சிய சரக்கோடு மூழ்கியது.

அந்தச் சில தாள்களின் பலனை விமானிகளின் வரலாற்றில் காணலாம். மெஸ்ஸர்ஷ்மிட் 163ஐப் பின்பற்றிச் செய்த ஷூசுய் விமானத்தை 1945 ஜூலை 7இல் இனுசுகா என்பவர் முதன்முதல் ஓட்டினார். ஏறிய சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றது, விமானம் விழுந்தது, மறுநாள் அவர் இறந்தார். ஆகஸ்ட் 7இல், ஹிரோஷிமா அழிந்த மறுநாள், தகாவோகா என்பவர் கிக்கா என்னும் ஜெட் விமானத்தைச் சுமார் 20 நிமிடம் பறக்கவிட்டார். அதன் இயந்திரம் ஒரு ஜெர்மானிய இயந்திரத்தின் குறுக்குவெட்டுப் படத்தைத் துணைக்கொண்டு உருவாக்கியது. முழு விமானம் கையில் இருந்திருந்தால், படத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்திராது.

முழு விமானம் புறப்படவே இல்லையா? 1945 ஏப்ரலில் நார்வேயை விட்ட யு-234இல், பிரித்துப் பெட்டிகளில் அடுக்கிய மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஒன்று இருந்தது என்பர். அதன் உற்பத்தியை அறிந்த பொறியாளர் பிரிங்கெவால்டே உடன் சென்றது, பெட்டிக் கணக்கை விட வலிய சான்று. அக்கப்பலில் இரு ஜப்பானியரும் இருந்தனர்: ஒருவர் விமான வல்லுநர் ஷோஜி, மற்றவர், ஈராண்டுக்கு முன் பினாங்கிலிருந்து சென்ற அதே தொமொனாகா. நாடு திரும்பும் பயணம் அது.

மே மாதத்தில் ஜெர்மனி பணிந்தது. கப்பல் தலைவர் ஃபேலர் அமெரிக்கரிடம் சரணடையத் துணிந்தார். சிறைப்பட விரும்பாத இருவரும் தூக்க மருந்தை மிகுதியாக உண்டு மாண்டனர். உடல்கள் அட்லாண்டிக் கடலிலேயே அடக்கமாயின. மே 14இல் சட்டன் என்னும் அமெரிக்கக் கப்பல் யு-234ஐக் கைப்பற்றியது. சரக்கு இறங்கிய இடம் நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 1944 அக்டோபரில் நேசநாட்டு லிபரேட்டர் விமானங்கள் பினாங்குக் கடற்கால்வாயில் கண்ணிகளைத் தூவத் தொடங்க, இத்தளத்தை விட்டு ஜெர்மானியக் கப்பல்கள் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் விலகிவிட்டன.