‘வேணும்’ என்ற ஒரு சொல்: 1544இல் நடந்த ஓர் ஆசிரியர் திருத்தம்



போன ஆண்டு காஹாங்கில் படிவம் மூன்று மாணவர்களுக்கு ஒரு பயிற்சித்தாள் தயாரித்தேன். அதில் ‘பலப் பாடங்கள்’ என்று எழுதிவிட்டேன். ‘பல’, ‘சில’ என்ற சொற்களுக்குப் பின் வலிமிகாது. ஆனால் தாள் மூன்று வகுப்புக்குப் போய்விட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியைதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க” என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாள் மூன்று வகுப்பிலும் நானே திருத்திச் சொன்னேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று தமிழ்க் கத்தோலிக்கக் கல்வியின் தொடக்கத்திலேயே நடந்திருக்கிறது.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு அடங்கிய முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, மன்றாட்டுகளைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்தார். பிறகு தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைத் திரட்டி, ஒவ்வொரு வரியாகச் சொல்ல வைத்தார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையையும் அமர்த்தினார். இன்றைய மறைக்கல்வி ஆசிரியரின் முன்னோடி அவர்தான்.

இந்த முறையில் ஓர் ஆபத்து உண்டு. ஆசிரியர் பிழையாகச் சொன்னால், பிள்ளையும் வீடும் ஊரும் அதையே சொல்லும்.

அப்படித்தான் நடந்தது. விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் உட்கார்ந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக நினைத்து, பிள்ளைகள் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! பிழை புரிந்ததும் சவேரியார் அதை மறைக்கவில்லை. 1544இல் அதே கடற்கரையில் பணியாற்றிய தம் தோழர் பிரான்சிஸ்கோ மன்சில்யாசுக்குக் கடிதம் எழுதினார். ‘வேணும்’ என்பதை நீக்கி, ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைத்துக் கற்பிக்கச் சொன்னார்.

ஒரே பாடத்தை வேறு வேறு ஊரில் நடத்திய இரண்டு ஆசிரியர்கள் அவர்கள். ஒருவர் மட்டும் திருத்தியிருந்தால் பாதிப் பிள்ளைகள் பிழையோடே வளர்ந்திருப்பார்கள்.

சவேரியாருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழை முறையாகவே கற்றார். மற்றத் துறவிகளும் கற்கும்படி 1549 வாக்கில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்க நூல். அதிலும் மானுவேல் தெ சான் பெத்ரோ என்பவர் அவரோடு இணைந்து பணியாற்றினார். மறுஆண்டு கொச்சியில் வினா விடை வடிவில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. வாயால் கேட்டு மனப்பாடம் செய்த பாடம் அச்சேறியது. இனி எல்லா ஊருக்கும் ஒரே வாசகம் போகலாம்.

இந்த வரலாறு நமக்கும் தூரமில்லை. சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1548இல் அவர் அனுப்பிய இயேசு சபையினர் அங்கே பள்ளி தொடங்கினார்கள். ஜொகூருக்குப் பக்கத்து மாநிலம்தானே!

இன்று நாம் ‘நிபுணத்துவக் கற்றல் சமூகம்’ என்று கூட்டம் போடுகிறோம், படம் எடுக்கிறோம், அறிக்கை எழுதுகிறோம். ஆனால் “நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், நீங்களும் மாத்திடுங்க” என்று சக ஆசிரியரிடம் சொல்கிறோமா? அதைச் சொல்ல முடியாத இடத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் அது கூட்டுப்பணி ஆகாது. சமயக் கல்வியோ இலக்கணமோ, பிள்ளை நம் வாயிலிருந்து வருவதை அப்படியே நம்புகிறது.

மாணவர்களே, 1542, 1544, 1578, 1579 ஆகிய ஆண்டுகளை வரிசையாக நினைவில் வையுங்கள். தமிழ் அச்சு வரலாறு பற்றிக் கட்டுரை எழுதினால், ‘வேணும்’ கதையை முன்னுரையில் சேர்த்துப் பாருங்க. நூல் ஏன் தேவைப்பட்டது என்பது அதிலேயே விளங்கிவிடும்.