பேர் போட்ட அட்டை

எங்களில் நாலைந்து பேர் சின்ன வயதில் செய்த முதல் அட்டை முத்தையா முரளிதரன்தான். பேசிவைத்துச் செய்ததில்லை. ஒருவர் ஹட்டன் பக்கம், ஒருவர் பொகவந்தலாவை, இன்னொருவர் ராகலை. கம்பஸுக்கு வந்தபிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் இது வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் படத்தை வெட்டி, மட்டைப் பெட்டியில் சோத்தை நசுக்கி ஒட்டி, பின்பக்கம் பேனையால் கணக்கு எழுதுவோம். கடையில் விற்ற ட்ரம்ப் கார்ட் வாங்க வீட்டில் காசு இல்லை. இருந்திருந்தாலும் அதுக்குக் குடுத்திருக்க மாட்டாங்க, அது வேறு கதை. 2010 ஜூலை 22, காலி மைதானத்தில் ஓஜா அவுட் ஆனதும் எல்லோரும் 792ஐ வெட்டிவிட்டு 800 என்று எழுதினோம்.

133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. எங்கள் அட்டையில் ஒன்றுமட்டும் இல்லை. முரளியின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்போமா என்றும் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் பெரியவர்களே இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பேஸ்போல் வீரர்களின் படஅட்டைகள் அங்கே 1880களிலிருந்து சிகரட் பக்கட்டோடு வந்தன. பக்கட் நசுங்காமல் இருக்க வைத்த மட்டையில் படம் போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு சூயிங்கம்மோடு வந்தது. இன்றைக்கு உலகமே தேடும் 1952ஆம் ஆண்டு டொப்ஸ் அட்டைகளின் அமைப்பை, சை பேர்கர் என்பவர் நியூயோர்க்கில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் கத்தரிக்கோலும் மட்டையும் வைத்துத்தான் உருவாக்கினார். ஆக, அதுவும் ஒருவகையில் எங்கள் சோத்துப் பசை வேலைதான்! அந்த வரிசையில் வந்த மிக்கி மான்டில் அட்டையொன்று 2022இல் 12.6 மில்லியன் டொலருக்குப் போனது.

எங்களைப் பிடித்து நிறுத்தியது இந்த விலை இல்லை. கம்பனி யாருக்கு அட்டை போடவில்லையோ, அவர்களுக்குத் தாங்களே அட்டை செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1947 வரை கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகளில் சேர்க்கவில்லை. தனி லீக்குகளில் ஆடிய அவர்களைப் பெரிய அட்டைக் கம்பனிகளும் கண்டுகொள்ளவில்லை. அந்த வருடமே இறந்துபோன ஜோஷ் கிப்சன் அவர்களில் ஒருவர். ரொபட் லாப்லின் என்ற ஓவியர் 1974இல் அந்தப் பழைய கறுப்பின வீரர்களைத் தானே வரைந்து ஒரு வரிசை வெளியிட்டார். அந்த லீக்குகளின் கணக்கு அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்ததோ 2024இல்தான். சேர்ந்தவுடன் வாழ்நாள் துடுப்பாட்டச் சராசரியில் முதலாமிடம் கிப்சனுக்கு வந்தது. அட்டை முதலில், பதிவேடு ஐம்பது வருடம் பிந்தி.

இது எங்கேயோ நடந்த விசயம் என்று விடமுடியாததற்குத் தேயிலை ஒரு காரணம். பிரித்தானியாவில் தேயிலைப் பக்கட்டுக்குள்ளும் படஅட்டை வந்தது. பெர்மிங்ஹாமில் 1903இல் தொடங்கிய டைபூ, இலங்கைத் தூளை நம்பி வளர்ந்த பெயர். பிறகு அவர்களும் அட்டை வைத்தார்கள். புரூக் பொண்ட் 1954இல் பறவைப் படங்களோடு தொடங்கி 1999 வரை விதவிதமாக வெளியிட்டது. பறவை, பூ, வண்ணத்துப்பூச்சி, மோட்டார் வண்டி. தேத்தண்ணி குடித்த வீட்டுப் பிள்ளைகள் அல்பம் வைத்துச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பறவைக்கும் பெயரும் விளக்கமும் பின்பக்கத்தில் இருந்தன.

கொழுந்து பறித்தவர்களுக்கும் ஒரு "அட்டை" இருந்தது. 1901இல் தொடங்கிய தகரத் துண்டு முறை அது. தென்னிந்தியாவில் ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் சின்ன வட்டத் தகரம் கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்திருந்தன. கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு ரயிலும் கப்பலும் ஏறி வரவேண்டும். வழிச்செலவுக் கணக்கெல்லாம் அந்த எண்ணைப் பார்த்து உரிய தோட்டத்துக்குப் போனது. முகமில்லை, பெயரில்லை. பார்சலுக்கு ஒட்டும் லேபல் மாதிரி.

பெயரைத் தோட்டம் வேறொரு விசயத்துக்கு வைத்திருந்தது. செக்ரோலில் ஒருநாள் வேலை பதிவதை "பேர் போடுறது" என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவருக்குப் பாதிப் பேர்தான்! இந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டிருப்போம், அட்டை செய்ய உட்கார்ந்த பிறகுதான் அது காதில் உறைத்தது.

இப்போது நாங்கள் ஒரு வரிசை செய்கிறோம். கோ. நடேசய்யர்: புடவை வியாபாரி வேசத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தவர், 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தவர், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். அவரோடு சேர்ந்து தோட்டக் கூட்டங்களில் பாடிய மீனாட்சியம்மாளுக்குத் தனி அட்டை. கணவரின் அட்டையில் ஒரு வரியாகச் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தோம். முல்லோயா கோவிந்தன்: 1940 ஜனவரி 10, பொலிஸ் சூட்டில் இறந்தார். அவர் அட்டையின் பின்பக்கம் "16 சதம்" என்று போட்டிருக்கிறோம். அந்தத் தோட்டத்தில் கேட்ட நாட்சம்பள உயர்வு அவ்வளவுதான். சிவனு லட்சுமணன்: 1977 மே, டெவன் தோட்டம். அவருக்கு "7,000 ஏக்கர்". தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் சுடப்பட்டவர்.

எங்களுக்குள் சண்டை வந்தது பாட்டி அட்டையில். எங்களில் ஒருத்தியின் பாட்டி, நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். 1948 சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பம். 2003 சட்டத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டைதான் அவரிடம் இருக்கும் முதல் படம் போட்ட அட்டை. பின்பக்கம் என்ன கணக்கு எழுதுவது? பறித்த கிலோவைக் கூட்டிப் போடலாம் என்றான் ஒருவன். அது தோட்டத்துக் கணக்கு, பாட்டிட கணக்கு இல்ல என்று பேத்தி மறுத்துவிட்டாள். சரி, அவரையே கேட்போமென்று போனோம்.

"அப்பாயி, ஒங்களப் பத்தி இதுல என்னா எழுதட்டும்?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசிக்காமல் ஒரு மூன்று இலக்க எண்ணைச் சொன்னார். செக்ரோல் நம்பர். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் மறக்கவில்லை.

அதை எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. முன்பக்கம் அவர் பெயரைப் பெரிய எழுத்தில், முழுசாகப் போட்டுவிட்டோம்.