ஒலிக்கரத்தின் வரலாறு: பாரமும் பரிவும்

இசைத்தட்டின் வரலாற்றை எழுதுவோர் பாடகரையும் பதிவு நிறுவனங்களையும் விரித்துரைப்பர். ஊசியைத் தாங்கித் தட்டின்மேல் அசைந்த கரத்தைக் குறிப்பிடுவது அரிது. ஆயினும், பதிவாகிய குரல் எத்துணைக் காலம் சிதையாதிருக்கும் என்பதைத் தீர்மானித்தவற்றுள் அக்கரமும் ஒன்றாகும்.

எமில் பேர்லினர் 1887 இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககாலக் கருவிகளில் ஊசியோடு ஊதுகுழலும் இணைந்திருந்தமையால், அதன் பாரத்தின் ஒரு பகுதியைத் தட்டே சுமந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான எல்ட்றிட்ஜ் ஜோன்சன் குழலைப் பெட்டியின்மீது நிறுத்தி, உள்ளீடற்ற கரமொன்றினூடாக ஒலியைச் செலுத்தினார். ‘ஒலிக்கரம்’ என்னும் பெயருக்குப் பொருள் இதுவே. எனினும், ஊசியின் அழுத்தம் நூறு கிராமளவில் இருந்தது. ஊசியைத் தேய்த்துத் தவாளிப்புக்குப் பொருந்தச் செய்யும் பொருட்டு, அரக்குத் தட்டிலே கல்துகளும் கலக்கப்பட்டது. கேட்டல் என்பதே தேய்த்தலாயிற்று.

பாரம் மட்டுமன்றிப் பாதையும் சிக்கலாயிற்று. பதிவுக்கருவி தட்டின் ஆரைவழியே நேர்கோட்டிற் செல்கிறது. ஒருமுனையிற் பொருத்தப்பட்ட கரமோ வில்போல வளைந்து செல்கிறது. இக்கோண வழுவைக் குறைக்கும் முறையை 1924 இல் பேர்சி வில்சன் ஆராய்ந்தார். 1938 இல் எரிக் லொவ்கிறென் அதனைக் கணிதமுறையில் நிறுவினார். கரத்தின் தலைப்பகுதியைச் சாய்த்தமை வழுவைக் குறைத்தது. ஆனால் ஊசியைத் தட்டின் நடுவை நோக்கி இழுக்கும் புதிய விசையொன்றையும் அதுவே தோற்றுவித்தது.

1948 இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டபின் அழுத்தம் சில கிராமாகக் குறைந்தது. ஊசியின் பிடிப்பும் மென்மையாயிற்று. இங்கேதான் பரிவு முதன்மை பெறுகிறது. கரத்தின் திணிவும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து, வில்லில் தொங்கும் பாரம்போல் தமக்கென ஓர் அதிர்வைக் கொண்டுள்ளன. பயன்படு திணிவு 20 கிராமாகவும், மில்லிநியூற்றன் ஒன்றுக்கு 12.5 மைக்கிரோமீற்றர் நெகிழ்வாகவும் இருப்பின், அதன் மீடிறன் ஏறத்தாழ 10 ஹேர்ட்ஸ் ஆகும். செவிக்கெட்டும் 20 ஹேர்ட்ஸுக்குக் கீழும், நெளிந்த தட்டின் மெல்லசைவுக்கு மேலும் அமைவதால் இது தக்கதாகும். அதே கரத்தில் நெகிழ்வு 35 ஆன ஊசியைப் பொருத்தினால் மீடிறன் 6 ஹேர்ட்ஸாகக் குறையும். அப்போது தட்டின் நெளிவே கரத்தை ஆட்டுகிறது. அழுத்தம் மாறி ஊசி தடம் பிறழ்கிறது. மாறாக, விறைப்பான ஊசிக்கு மிக இலேசான கரத்தை அமைத்தால், பரிவு இசையின் எல்லைக்குள்ளேயே புகுந்துவிடும்.

எனவே, தன்னளவிற் சிறந்த கரமென ஒன்றில்லை. தன் ஊசிக்கு ஏற்ற கரமே உண்டு. தட்டைத் தேய்வினின்று காக்க நாடிய மென்மையே அடுத்த இடருக்கு வித்திட்டது. ஓர் உறுப்பின் முன்னேற்றம் மற்றவற்றோடுள்ள உறவிலேயே மதிப்பிடப்பட வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.